எறாவின் தலைக்குள் மணல்: வடசென்னை விலங்கியல் லேபில் ஒரு நாள்

காலை ஐந்தரை மணி. காசிமேட்டில் ஏலக் குரல்கள் உச்சத்தில். எறாக் கூடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் அண்ணன் ஒவ்வொரு எறாவாக எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். மீசை முழுசாக இருக்கிறதா? கால் ஏதும் உதிர்ந்திருக்கிறதா? வால் விசிறி உடையவில்லையே? கூடைக்கார அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாண்ணே, கொழம்பு வெக்கப் போறியா, பொண்ணு பாக்க வந்தியா?"

"கொழம்புக்கு இல்லக்கா, காலேஜுக்கு. பசங்க காலை எண்ணணும்!"

அவர் கல்லூரி லேப் அசிஸ்டென்ட். ஐஸ் போட்ட அந்தப் பையின் பின்னாலேயே நானும் போனேன். வடசென்னைக் கல்லூரி ஒன்றின் முதலாமாண்டு விலங்கியல் வகுப்பிலும் லேபிலும் ஒரு நாள் முழுக்க இருந்து பார்க்க அனுமதி கிடைத்திருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் என்னவெல்லாம் நடக்கிறது தெரியுமா? சொல்கிறேன், வாருங்கள்!

முதல் மணி: கரும்பலகை

பேராசிரியை 'ஆர்த்ரோபோடா' என்று எழுதியதும் பாதி முகங்கள் இறுகிப்போயின. பிளஸ் டூ வரை தமிழில் படித்த பிள்ளைகள். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே 'கணுக்காலி' என்று எழுதினார். "கரும்புல கணு இருக்குல்ல? அது மாதிரி கால்ல கணு இருந்தா கணுக்காலி. கிரேக்கத்துல ஆர்த்ரான்னா மூட்டு, போடோஸ்னா கால். அவங்களும் இதையேதான் சொல்லியிருக்காங்க!" இறுகிய முகங்கள் ஒவ்வொன்றாக மலர்ந்தன.

மொலஸ்கா? மெல்லுடலி. எக்கினோடெர்மேட்டா? முள்ளும் தோலும் சேர்ந்து முட்தோலி. செஃபலோபோடா? தலையிலேயே கால் முளைத்த தலைக்காலி. மைட்டோகாண்ட்ரியாவுக்கு இலங்கைப் பாடநூல்களில் 'இழைமணி' என்று பெயர். கிரேக்க மூலத்துக்கும் இழை, மணி என்றுதான் பொருள். பயமுறுத்திய பெயர்களெல்லாம் உடைத்த வேர்க்கடலை மாதிரி திறந்துகொள்வதைப் பார்க்கப் பார்க்க, எனக்கும் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

ஆசிரியர் அறை அலமாரியில் அட்டை பிய்ந்த ஒரு தடிப் புத்தகம் இருந்தது. எம். ஏகாம்பரநாத ஐயரின் 'மேனுவல் ஆஃப் சுவாலஜி'. பின்னாளில் பூச்சியியல் அறிஞர் டி.என். அனந்தகிருஷ்ணனின் பெயரும் சேர்ந்து வந்த அந்த நூலை வைத்துத்தான் இங்கே தலைமுறை தலைமுறையாக விலங்கியல் படித்திருக்கிறார்கள்.

லேப் திறக்கும் முன்

பிராக்டிகலுக்கு மாணவர்கள் வரும்போது எல்லாம் மேஜையில் தயாராக இருக்கும். அதன் பின்னால் இருக்கிற வேலை யார் கண்ணிலும் படாது. ஜன்னலோரம் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெங்காயம். நாலு நாள் முன்பே உட்கார வைத்திருக்கிறார்கள். அடியில் வெள்ளை வேர்கள் தாடி போலத் தொங்குகின்றன. செல்கள் மும்முரமாகப் பிரியும் இடம் வேரின் நுனிதான். அதைக் காலையிலேயே நறுக்கி, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் போட்டுவிட்டால், பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் அந்த நொடியிலேயே உறைந்து நின்றுவிடும்.

பிறகு அமிலத்தில் லேசான சூடு, அசிட்டோகார்மைன் சாயம், மேலே கவர் ஸ்லிப், அதன் மேல் கட்டைவிரலால் ஒரே அழுத்து. மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தால் சிவப்பு நூல் நூலாகக் குரோமோசோம்கள்! ஒரு செல்லில் 16. சில செல்களில் நடுவே அணிவகுத்து நிற்கின்றன. சிலவற்றில் இரு பக்கமும் இழுபட்டுப் பிரிகின்றன. "ஐயோ, தெரியுது மிஸ்!" என்று முதல் குரல் எழுந்ததும் லேபே அந்த மேஜைக்கு ஓடியது. நானும்தான்!

எறா ஆடிய ஆட்டம்

அந்தக் காலத்தில் இதே மேஜைகளில் தவளையைப் படுக்கவைத்து அறுத்தார்கள். 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. இப்போது காசிமேட்டு எறாவின் ராஜ்ஜியம்.

எறாவுக்கு எத்தனை ஜோடி உறுப்புகள் தெரியுமா? 19! தலையில் 5, மார்பில் 8, வயிற்றில் 6. ஒவ்வொன்றையும் இடுக்கியால் கழற்றிக் கறுப்பு அட்டையில் வரிசையாக அடுக்க வேண்டும். அடுக்கி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால்தான் சூட்சுமம் புரிகிறது. மீசை, தாடை, நடக்கும் கால், நீந்தும் கால், வால் விசிறி எல்லாமே ஒரே வார்ப்பிலிருந்து பிறந்து, செய்யும் வேலைக்கேற்ப உருமாறியவை. பரிணாமம் என்ற பெரிய பாடம் ஒரு சாண் அட்டைக்குள் அடங்கிவிட்டது.

அடுத்ததுதான் என்னைத் துள்ள வைத்தது. சின்ன மீசையின் அடிக்கணுவில் ஒரு குட்டிப் பை. அதைப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உள்ளே மணல்! எது மேல், எது கீழ் என்று எறாவுக்குச் சொல்வது அந்த மணல்தான். சட்டை உரிக்கும்போது பழைய மணலும் போய்விடும்; புது மணல் சேர்ந்தாக வேண்டும். 1893-ல் அலோய்ஸ் கிரைடல் என்ற ஆய்வாளர், சட்டை உரித்த இறால்களுக்கு மணலுக்குப் பதில் இரும்புத்தூளைக் கொடுத்தார். அவை அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டன. மேலே காந்தத்தைக் கொண்டுபோனதும் தலைகீழாகப் புரண்டன!

"தெனம் இதை ஆய்ஞ்சு தூக்கிப் போட்டிருக்கேனே மிஸ்!" என்றாள் காசிமேட்டுப் பெண் ஒருத்தி. அவள் குரலில் இருந்த திகைப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

நண்டு வந்தபோது அவள்தான் டீச்சர். புரட்டி வயிற்று மடலை ஒரு பார்வை. "ஒடுங்கியிருந்தா ஆம்பள, அகலமா இருந்தா பொம்பள. முட்டையை அங்கதான் ஒட்டி வெச்சுக்கும்." பேராசிரியை ஒரு வார்த்தைகூடத் திருத்தவில்லை.

பிறகு கடம்பா. வறுவலாக மட்டுமே நமக்குத் தெரிந்த பிராணிக்கு மூன்று இதயம், நீல ரத்தம்! அதன் உடலில் ஓடும் ராட்சத நரம்பிழை ஒரு மில்லிமீட்டர் வரைகூடத் தடிமன் உள்ளது. அதற்குள் மின்முனையைச் செலுத்தித்தான், நரம்பில் செய்தி மின்சாரமாக ஓடும் விதத்தை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கண்டுபிடித்தார்கள். 1963-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஸ்பாட்டர் ரகசியம்

தேர்வுக்கு முந்தின மாலை லேப் ஜன்னல்களில் செய்தித்தாள் ஒட்டிவிடுவார்கள். உள்ளே ஜாடி, ஸ்லைடு, எலும்பு என்று எண் போட்டு அடுக்குவார்கள். இவைதான் ஸ்பாட்டர்கள். மணி அடித்தால் அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். என்ன பிராணி, எந்தத் தொகுதி, என்ன சிறப்பு என்று எழுதியாக வேண்டும்.

தேர்வுக்கு எறா வாங்குவதிலும் ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடை; விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தேர்வு தள்ளிப்போகும் என்றால் முன்கூட்டியே வாங்கி ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். தடை எதற்கு? கடலில் மீன் இனம் பெருக. தேர்வு அட்டவணைக்குள்ளும் உயிரியல் வந்து உட்கார்ந்துகொள்கிறது பாருங்கள்!

எண்ணூர் என்னும் பெரிய லேப்

மறுவாரம் கள ஆய்வு. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கு நானும் தொற்றிக்கொண்டு போனேன். அலையாத்தி இலையில் கைலென்ஸை வைத்தால் உப்புப் படிகங்கள் மினுமினுக்கின்றன. வேண்டாத உப்பை இலை வழியே வெளியேற்றும் மரம் அது. பாறையில் அப்பியிருக்கும் கொட்டலசு பார்க்கக் கிளிஞ்சல் மாதிரி இருந்தாலும் நண்டின் சொந்தக்காரன். டார்வின் எட்டு ஆண்டுகள் அந்த ஒரு கூட்டத்தையே ஆராய்ந்தார்.

லேபில் பார்த்த வெள்ளை எறாவின் கதையும் இங்கேதான் முழுமையாகிறது. கடலில் முட்டை பொரிந்து, குஞ்சாகக் கழிமுகத்துக்குள் வந்து, சேற்றில் வளர்ந்து, இனம் பெருக்கக் கடலுக்கே திரும்பும். அந்தச் சேற்றின் மேல் இப்போது காக்கா ஆழி கம்பளம் போலப் படர்ந்திருக்கிறது. தென்னமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த மெல்லுடலி அது. எறா புதைய இடமில்லாமல் போவதை முதலில் உணர்ந்தவர்கள், கையால் தடவி எறா பிடிக்கிறவர்கள். இதே கழிமுகத்தில்தான் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படிந்தது. கணுக்காலி, மெல்லுடலி என்று கரும்பலகையில் பார்த்த சொற்களெல்லாம் அங்கே ஒரு ஊரின் சாப்பாட்டுப் பிரச்சினையாக நின்றன. நோட்டில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் பேச்சே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் திருவொற்றியூர்ப் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீட்ல கிடைக்கலைன்னுதான் சேர்ந்தேன்க்கா. சொந்தக்காரங்க எல்லாம் 'ஜுவாலஜியா?'ன்னு இழுப்பாங்க. மொத ரெண்டு மாசம் அழுதேன்." ரெக்கார்டு நோட்டைத் திறந்து காட்டினாள். பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்த எறா. 19 ஜோடியும் பிசகாமல். "இப்ப எங்க வீட்ல எறா வாங்கினா நான்தான் ஆய்வேன். தம்பிக்கு மணலைக் காட்டணும்ல?"

உங்கள் வீட்டிலோ தெருவிலோ விலங்கியலோ தாவரவியலோ எடுத்த பிள்ளை ஒன்று இருக்கும். "மெடிக்கல் கிடைக்கலையா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். "இன்னிக்கு லேப்ல என்ன பார்த்தே?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள்.