கழுத்தைத் திருப்பினால் கண் இருளுமா?

சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இடப்பக்கம் ஒரு திருப்பு, வலப்பக்கம் ஒரு திருப்பு. நெட்டி முறிந்த சத்தம் கேட்டால்தான் பலருக்குத் திருப்தி. அந்த முறுக்கலில் பார்வைக்கும் ஆபத்து இருக்கிறது.

கண் அனுப்பும் சேதி பிடரிப் பக்க மூளைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நமக்குக் காட்சி தெரியும். அங்கே ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகளுக்குள் புகுந்தே மேலேறுகின்றன. தலை திரும்பும் அசைவில் ஏறக்குறையப் பாதி, உச்சியிலுள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே நடக்கிறது. தமனி இழுபடுவதும் அங்கேதான். வெடுக்கென்று முறுக்கினால் அதன் உட்சுவர் கிழியலாம். அங்கே உறையும் ரத்தக்கட்டி மேலே போய் அடைத்தால், கண்ணில் கோளாறே இல்லாமல் பார்வையில் ஒரு பாதி போய்விடும். கிழிந்து சில நாள் கழித்தும் இது வரலாம் என்பதால், நெட்டி எடுத்ததை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

அபூர்வம்தான். ஆனால் அழகு நிலையத்தில் தலையைப் பின்னால் சாய்த்து முடி அலசியதாலேயே பக்கவாதம் வந்தவர்களைப் பற்றி அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வெய்ன்ட்ராப் 1993-ல் எழுதினார். வில்வித்தைப் பயிற்சியில் தலையைத் திருப்பியவருக்கு நேர்ந்த பக்கவாதம் 1978-லேயே பதிவாகியிருக்கிறது. சிலருக்கு எலும்பின் துருத்தல் தமனியை நசுக்கும். ஒரு பக்கம் திரும்பினால் தலைசுற்றிக் கண் இருளும், நேராக வைத்தால் தெளிந்துவிடும்.

கழுத்து வலியோடு திடீரென ஒரு கண்ணிமை தொங்கி, அந்தக் கண்ணின் பாப்பாவும் சிறுத்தால், முன்கழுத்துத் தமனி கிழிந்திருக்கலாம். உருவங்கள் இரண்டிரண்டாகத் தெரிவதும் அவசரம்தான். விடியட்டும் என்று காத்திருக்காமல் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதென்று கண்ணாடி மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் வேறு ரகம். மேல்கழுத்து நரம்புகளும் முகத்தின் உணர்வு நரம்பும் தண்டுவடத்தின் மேல்பகுதியில் ஒரே இடத்தில் வந்து சேர்வதால், கழுத்தின் வலி கண்ணில் தெரியும். பார்வைக்குச் சேதமில்லை.

எனக்கு அதைவிடக் கவலை, பார்வை மங்கினாலே கழுத்துத் தேய்மானத்தின் மேல் பழி போடும் பழக்கம்தான். ஐம்பது தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியும். முதலில் பார்க்க வேண்டியது கண் மருத்துவரைத்தான். புரையாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம். கிளாக்கோமாவாக இருந்தால், கழுத்துப்பட்டை மாட்டிக்கொண்டு திரியும் மாதங்களில் இழக்கும் பார்வை திரும்ப வராது.