தண்ணீர் எங்கே போகிறது?

காலை நிகழ்ச்சியில் சாலை நிலவரம் சொல்பவள் நான். எந்த நெடுஞ்சாலையில் எந்த வாகனம் பழுதாகி நிற்கிறது என்று தினமும் அறிவிப்பேன். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்படி நின்றது என் வாகனம். சரியாகச் சொன்னால், அப்பாவுடையது.

அப்பா பெந்தோங்கில் இரவுச் சந்தை வியாபாரி. 20 ஆண்டுகளைத் தாண்டிய டீசல் பிக்கப்தான் அவருக்குக் கடை, கிடங்கு எல்லாம். வீடு மாறுவதற்காக அதை வாங்கி, கட்டில், அலமாரி எல்லாம் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்குப் புறப்பட்டேன். காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் வெப்பமானி ஊசி சிவப்பை நோக்கி நகர்ந்தது. பழைய வண்டி, மீட்டர் சரியில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். கெந்திங் செம்பாவை நெருங்கும்போது முன்பக்கம் ஆவி கிளம்பியது. ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி வீடு போய்ச் சேர்ந்தேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை.

மறுவாரம் அவரே அழைத்தார். “ஏம்மா, ரேடியேட்டர்ல தினமும் தண்ணி குறையுது. கீழ ஒரு சொட்டு ஒழுகல. எங்கதான் போகுது?”

பட்டறைக்கு நானும் போனேன். மெக்கானிக் அண்ணன், எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வண்டியைக் கிளப்பினார். தண்ணீரில் குமிழிகள் விடாமல் வந்தன. புகைக்குழாயில் வெள்ளைப் புகை. எண்ணெய் மூடியின் அடியில் பால் கோப்பி நிறத்தில் பிசுக்கு. “இது ஈரத்தாலயும் வரும். இத மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாது” என்றவர், ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் உள்ள ஒரு குழாயைப் பொருத்தினார். எரிந்த வாயு கலந்த காற்று பட்டதும் நீலம் மாறியது. சந்தேகம் தீர்ந்தது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.

எஞ்சினின் மேல்பகுதி ஹெட், கீழ்ப்பகுதி பிளாக். இரண்டுக்கும் இடையில் இருக்கும் மெல்லிய தகடுதான் கேஸ்கெட். எரியும் வாயு, தண்ணீர், எண்ணெய் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் அது காக்கிறது. எங்கள் வண்டியில் ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு. சூடு ஏறினால் அலுமினியம் அதிகமாக விரியும். அளவு மீறினால் ஹெட் வளையும், கேஸ்கெட் விட்டுக்கொடுக்கும். காணாமல் போன தண்ணீர் எஞ்சினுக்குள் போய் ஆவியாகிக்கொண்டிருந்தது.

“தங்கச்சி, வண்டி சூடாகியும் ஓட்டுனாங்களா?”

அப்பா என்னைப் பார்த்தார். அப்போதுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை. “வித்துடலாமா?” என்று மெக்கானிக்கிடம் கேட்டார். அதுதான் எனக்கு வலித்தது.

“ஹெட்டுல வெடிப்பு இல்லன்னா காப்பாத்திடலாம்” என்றார் அண்ணன். ஒழுகலை அடைக்கும் மருந்து ஊற்றலாமா என்று கேட்டேன். ரேடியேட்டரையும் சேர்த்து அடைத்துவிடும் என்று மறுத்துவிட்டார்.

ஹெட் போல்ட்டுகளை வெளியிலிருந்து உள்நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். நேர்ச்சட்டத்தை ஹெட்டின் மேல் வைத்து, அடியில் மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்துப் பார்த்தார். நடுவில் வளைவு இருந்தது. ஹெட் கடைசல் பட்டறைக்குப் போனது; அழுத்தச் சோதனையில் வெடிப்பு இல்லை. முகத்தைச் சீவிச் சமப்படுத்தினார்கள். புதிய கேஸ்கெட், புதிய போல்ட்டுகள். முடுக்கும்போது முறை தலைகீழ்: நடுவிலிருந்து வெளிநோக்கி, கையேட்டில் உள்ள அளவுக்கு, பல சுற்றுகளாக. எண்ணெயும் மாற்றினார்.

“சூடானதுக்குக் காரணத்தத் தேடலன்னா, புது கேஸ்கெட்டும் போயிடும்” என்று ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினார். கூலண்ட் இல்லாமல் பல ஆண்டுகள் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றியதில் உள்ளே துருவும் படிவும். பாதி அடைத்திருந்தது. அதையும் மாற்றினோம்.

உங்கள் வண்டியில் ஊசி ஏறினால் உடனே பாதுகாப்பாக ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிடும். ஒழுகல் தெரியாமல் தண்ணீர் குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருக்காமல் பட்டறைக்குப் போங்கள்.

மூன்று வாரம் அப்பாவுக்குச் சந்தை இல்லை. பில் 2,300 ரிங்கிட். நான் பணத்தை எடுத்தபோது அவர் கையைப் பிடித்தார்.

“கொழாத் தண்ணி ஊத்துனது நானு. ஊசியப் பாக்காதது நீ. ஆளுக்குப் பாதி.”