உள்ளே உறையும், வெளியே கசியும்

திடலில் விழுந்து முழங்கால் சிராய்த்தால் சில நிமிடங்களில் இரத்தம் நின்றுவிடுகிறது அல்லவா? தட்டணுக்கள் காயத்தில் ஒட்டிக்கொள்கின்றன. உறைதல் புரதங்கள் ஃபைப்ரின் என்ற இழைகளை உருவாக்கி, வலைபோல் பின்னி அடைக்கின்றன. டெங்கி காய்ச்சல் வந்தால் எண்ணிப் பார்ப்பார்களே, அதே தட்டணுக்கள்தாம் இவை.

மாணவர்களே, காயமே இல்லாத இடங்களில், உடல் முழுவதும் இந்த வேலை ஒரே நேரத்தில் நடந்தால் என்னவாகும்?

செப்சிஸ் முற்றிய சிலருக்கு அதுதான் நேர்கிறது. கிருமித்தொற்றை எதிர்க்கும் ஆற்றல் கட்டுமீறி, உடல் தன் உறுப்புகளையே பாதிக்கும் நிலை செப்சிஸ். அப்போது நுண்ணிய இரத்தக் குழாய்களில் சிறுசிறு இரத்தக்கட்டிகள் உருவாகலாம். சிறுநீரகம், நுரையீரல் போன்ற உறுப்புகளுக்குச் செல்லும் இரத்தம் தடைப்படும்.

ஆபத்து அதோடு நிற்பதில்லை. கட்டிகளை உருவாக்குவதிலேயே தட்டணுக்களும் உறைதல் புரதங்களும் தீர்ந்துபோகின்றன. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 150,000 முதல் 450,000 வரை இருக்கவேண்டிய தட்டணுக்கள் 50,000க்கும் கீழே இறங்கலாம். பிறகு ஊசி குத்திய இடத்தில்கூட இரத்தம் கசியும். உள்ளே உறைதல், வெளியே கசிவு என இரண்டும் ஒருவருக்கே நேரும் இந்நிலையை மருத்துவர்கள் 'டிஐசி' என்பார்கள்.

"குறைந்ததை ஏற்றிவிடலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். மூலக் காரணம் நீங்காவிட்டால், ஏற்றியதும் கட்டிகளுக்கே செலவாகும். ஒவ்வாமை, நுரையீரல் பாதிப்பு போன்ற அபாயங்களும் உண்டு. ஆகவே, இரத்தம் கசிந்தாலோ அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலோ தட்டணுக்களை 50,000க்கு மேல் வைத்திருக்க முயல்வார்கள். கசிவு இல்லையென்றால், பொதுவாக 10,000க்குக் கீழே போனால்தான் ஏற்றுவார்கள். கசியும் அபாயம் மிகுந்தவர்களுக்கு அந்த எல்லை 20,000. அதாவது, எண்ணை மட்டுமன்றி நோயாளியின் நிலையையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள்.

உறைதலைத் தடுக்கும் மருந்து கொடுத்தால்? அதையும் முயன்றார்கள். உடலில் இயற்கையாக உள்ள உறைதல் தடுப்புப் புரதம் ஒன்றைப் போலவே தயாரிக்கப்பட்ட 'சைக்ரிஸ்' என்ற மருந்துக்கு 2001இல் அமெரிக்கா அனுமதி தந்தது. 1,690 பேரிடம் நடந்த ஆய்வில், 28 நாள்களுக்குள் இறந்தோர் விகிதம் 30.8 விழுக்காட்டிலிருந்து 24.7ஆகக் குறைந்திருந்தது. ஆனால், பின்னர் நடந்த ஆய்வில் மருந்து பெற்றவர்களில் 26.4 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 24.2 விழுக்காட்டினரும் இறந்தனர். பலன் உறுதியாகவில்லை. 2011இல் மருந்து சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. பொருத்தமாகத் தோன்றும் யோசனையையும் மீண்டும் சோதிக்கவேண்டும் என்பதற்கு இது சான்று.

இன்றும் முதன்மைச் சிகிச்சை தொற்றை ஒழிப்பதே: விரைவாக அண்டிபயாட்டிக் கொடுப்பது, சீழ் இருந்தால் வெளியேற்றுவது, இரத்த அழுத்தத்தைக் காப்பது. தொற்று அடங்கினால் உறைதலும் படிப்படியாகச் சீராகும்.

எனவே, வீட்டில் காய்ச்சல் கண்டவருக்கு மனக்குழப்பம், வேகமான மூச்சு, மிகக் குறைவான சிறுநீர் ஆகியவை தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்படி பெரியவர்களிடம் சொல்லுங்கள்.