மண்ணெண்ணெய் சிந்தினால் சாம்பலை அள்ளாதீர்கள்



விடிய எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பெரட்டுக்கு ஓடும் வீடுகளில் அடுப்படியில் ஏதாவது சிந்தத்தான் செய்யும். பால் பொங்கும், கஞ்சி வழியும். அடுப்பு நன்றாக ஆறியபின் சவர்க்காரத் தண்ணியில் துடைத்தால் அதெல்லாம் போய்விடும். ஆனால் குக்கருக்கு ஊற்றும்போது மண்ணெண்ணெய் சிந்தினால் அது வேறு விசயம்.

அந்த நேரத்தில் கை தானாகப் போவது விறகடுப்புச் சாம்பலுக்கு. சாம்பல் எண்ணெயை உறிஞ்சும், உண்மைதான். ஆனால் மேலே ஆறினாற்போல வெள்ளையாக இருக்கும் சாம்பலுக்குள் கங்கு கிடக்கும். இராத்திரி எரிந்த அடுப்பில் விடிய ஊதித் தீ மூட்டுகிறோமே, அந்தக் கங்குதான்! அதை எண்ணெய்மேல் போட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பழைய டின்னில் காய்ந்த மண்ணோ மணலோ நிரப்பி அடுப்படியில் வையுங்கள். காசு செலவில்லாத காரியம்.

சிந்தியவுடன் பிள்ளைகளை வெளியே அனுப்பி, கதவு ஜன்னலைத் திறவுங்கள். குப்பி விளக்கு, சாமி விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள். எண்ணெய் எரியும் அடுப்புப் பக்கமாக ஓடினால் துடைக்க நிற்காமல் நீங்களும் வெளியே வந்துவிடுங்கள். உடுப்பில் பட்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அதோடு அடுப்புக்குக் கிட்டப் போகவே கூடாது. பிறகு மண்ணைத் தூவி, ஊறவிட்டு, கூட்டி அள்ளி, பீலிக்கும் கானுக்கும் தூரமாகப் புதையுங்கள். கடைசியாகச் சவர்க்காரத் தண்ணியால் கழுவுங்கள். துடைத்த துணியை வெளியில் காயப்போடுங்கள், அடுப்புக்கு மேலே அல்ல.

மண்ணெண்ணெய் சுமார் 38 பாகை செல்சியஸ் சூட்டிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடும். எரியும் குக்கரும், இப்போதுதான் அணைத்த குக்கரும் அதைவிடச் சூடாக இருக்கலாம். அதனால் ஆறிய பிறகு, இஸ்தோப்பில் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஊற்றுங்கள்.

சிந்திய எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணி ஊற்ற வேண்டாம். எண்ணெய் தண்ணியில் மிதந்து நெருப்போடு ஓடும். சிறு நெருப்பென்றால் மண்ணைக் கொட்டுங்கள், அல்லது நனைத்த சாக்கால் மூடுங்கள். பொரிக்கிற சட்டி பற்றினால் மூடியைப் போட்டு அடுப்பை அணையுங்கள், சட்டியைத் தூக்க வேண்டாம். அடங்காவிட்டால் சாமான் சட்டை எடுக்க நிற்காமல் வெளியே வந்து பக்கத்துக் காம்பராக்காரரைக் கூப்பிடுங்கள். லயத்துக்கு ஒரே கூரை அல்லவா?

சுட்ட இடத்தில் ஓடும் குளிர்ந்த தண்ணியை 20 நிமிடம் விடுங்கள். பற்பசை, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம்.

இன்னொன்று. லயங்களுக்குப் போகும்போது சோடா போத்தலில் மண்ணெண்ணெய் இருப்பதை இன்றும் பார்க்கிறேன். தாகத்தில் வரும் பிள்ளைக்கு அது சோடாதான். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பிள்ளை நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு கட்டத் தேவையில்லை.