ஆள் போனாலும் அறிவு போகக்கூடாது!

மாணவர்களே, ஒரு படைப்பிரிவில் எப்போதும் அதே ஆட்கள் இருப்பதில்லை. சிங்கப்பூரில் முழுநேரத் தேசிய சேவையாளர் ஏறத்தாழ 2 ஆண்டுகளில் சேவையை முடித்து வெளியேறுகிறார். அதிகாரிகளும் வேறு பணிக்கு மாறிச் செல்கிறார்கள். வாகனமும் ஆயுதமும் முகாமிலேயே இருக்கும். ஆனால், சேற்றில் சிக்கிய வாகனத்தை மீட்பது எப்படி, எந்தக் குன்றுக்குப் பின்னால் வானொலித் தொடர்பு கிடைக்காது என்பதெல்லாம் அனுபவசாலியின் நினைவில்தான் இருக்கும். அவர் போனால் அதுவும் போய்விடும். புதியவர் அதே தவற்றைச் செய்துதான் கற்க வேண்டும். போர்க்களத்தில் அதற்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரலாம்.

இந்த இழப்பைத் தடுப்பதுதான் ‘அறிவு மேலாண்மை’. ஒருவருக்குத் தெரிந்ததைப் பலருக்கும், இனி வரப்போகிறவர்களுக்கும் கிடைக்கச் செய்யும் முறை அது.

நான்கு கேள்விகள்

இதற்கு ராணுவங்கள் பயன்படுத்தும் எளிய கருவி, ‘செயலுக்குப் பிந்தைய ஆய்வு’. பயிற்சி முடிந்ததும் குழுவினர் கூடி நான்கு கேள்விகளுக்கு விடை தேடுவார்கள்:

1. என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிட்டோம்?
2. உண்மையில் என்ன நடந்தது?
3. ஏன் அப்படி நடந்தது?
4. அடுத்த முறை எதைத் தொடர வேண்டும், எதை மாற்ற வேண்டும்?

இரண்டாம் கேள்வி எளிதாகத் தோன்றும். ஆனால், ஒவ்வொருவர் நினைவும் வேறு கதை சொல்லும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் மொஹாவி பாலைவனத்தில் ஃபோர்ட் இர்வின் பயிற்சி நிலையம் உள்ளது. அங்கு வீரர்கள் குண்டுகளுக்குப் பதிலாக லேசர் கதிர்களால் ‘சுட்டு’ப் பயிற்சி செய்வார்கள். உடலில் அணிந்துள்ள உணரிகள் யார்மீது கதிர் பட்டது என்பதைக் காட்டிவிடும். அதனால் வாக்குவாதம் குறையும். பேச்சு, ‘ஏன்?’ என்ற கேள்விக்கு நகரும்.

இரவுப் பயிற்சியில் வானொலி செயலிழந்ததாக வைத்துக்கொள்வோம். ஏன்? மின்கலம் தீர்ந்துவிட்டது. அது ஏன்? யாரும் சோதிக்கவில்லை. அது ஏன்? வழக்கமாகச் சோதிப்பவர் பணி மாறிப் போய்விட்டார். வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. உண்மையான ஓட்டை இங்கேதான் இருக்கிறது!

இந்த ஆய்வு குற்றவாளியைத் தேடும் விசாரணை அன்று. சாதாரண வீரரும் அதிகாரியின் திட்டத்திலுள்ள குறையைச் சொல்லலாம். தண்டனைக்குப் பயந்தால் தவறுகளை மறைப்பார்கள். மறைத்த தவற்றிலிருந்து யாரும் கற்க முடியாது.

எழுதினால் போதுமா?

ஒரு குழு கற்றதை மற்றக் குழுக்களுக்கும் கொண்டுசெல்ல, அமெரிக்க ராணுவம் 1985ஆம் ஆண்டு கான்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் லெவன்வொர்த்தில் ஒரு மையத்தை அமைத்தது. களத்திலிருந்து வரும் பாடங்களைத் திரட்டி, ஆராய்ந்து, கையேடுகளாக வெளியிடுவது அதன் பணி.

ஆனால், அறிக்கை அலமாரியில் தூங்கினால் பயனில்லை. ‘புறப்படும் முன் மின்கலத்தைச் சோதி’ என்பது சரிபார்ப்புப் பட்டியலில் ஏற வேண்டும். அடுத்த பயிற்சியில் அது நடந்ததா என்றும் பார்க்க வேண்டும். நடத்தை மாறினால்தான் பாடம் கற்றதாகப் பொருள்.

உங்கள் பள்ளியின் சீருடைக் குழுவிலும் ஆண்டுதோறும் மூத்த மாணவர்கள் விடைபெறுகிறார்கள். அடுத்த முகாம் முடிந்ததும் 15 நிமிடம் ஒதுக்கி, இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அடுத்த ஆண்டுத் தலைவரிடம் மறக்காமல் ஒப்படையுங்கள்.