கீழ்ப்பல் செட் ஏன் நிற்பதில்லை?

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். மேல்செட் கச்சிதமாக நிற்கிறது, கீழ்செட் மட்டும் பேசினாலே ஆடுகிறது என்று பலர் செட் கட்டியவரைக் குறை சொல்வதுண்டு. பெரும்பாலும் குறை அவரிடம் இல்லை. மேல்செட் அண்ணம் முழுவதையும் மூடி உட்காருகிறது. இடையிலுள்ள மெல்லிய எச்சில் படலமே அதைப் பிடித்துக்கொள்ளும். கீழே நடுவில் நாக்கு இருக்கிறதே! அதனால் கீழ்செட் ‘ப’ வடிவில் ஒடுக்கமாகத்தான் அமையும். நாக்கும் கன்னமும் அசையும்போதெல்லாம் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு காரணம் எலும்பு. பல்லை எடுத்த முதல் ஆண்டிலேயே அந்த இடத்துத் தாடை எலும்பு வேகமாகக் கரையும். பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல் கரையும். முழுச்செட் போட்டவர்களை நெடுங்காலம் கவனித்த டால்கிரென், கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கரைவதை 1972-ல் எழுதினார். முன்பு பொருந்திய செட் இப்போது தொளதொளப்பது இதனால்தான்.

செட் ஆடத் தொடங்கினால் சாப்பாட்டிலிருந்து முதலில் முறுக்கு போகும். அடுத்து கொய்யா, கறி, பச்சைக் காய். பிறகு கல்யாணப் பந்தியில் உட்காரவே கூச்சம். “வயசாச்சு, அவ்வளவுதான்” என்று வீட்டில் எல்லோரும் இதை ஏற்றுக்கொள்வதுதான் எனக்கு வேதனை.

ஏனென்றால் இதற்கு வழி ஒன்று உண்டு. கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இரண்டே இரண்டு இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகுகள்; அவற்றின்மேல் பிரஸ் பட்டன்போல அழுந்தி நிற்கும் செட். கழுவுவதற்குக் கழற்றலாம், சாப்பிடும்போது எளிதில் நகராது. பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் சொல்ல வேண்டிய சிகிச்சை இதுதான் என்று 2002-ல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் அறிவித்தார்கள். டைட்டானியம் எலும்போடு ஒன்றிவிடும் என்று கண்ட ஸ்வீடனின் பிரோனெமார்க், முதல் நோயாளிக்கு இம்ப்ளான்ட் வைத்தது 1965-ல். அப்படி ஒன்றுவதற்குப் பொதுவாகச் சில மாதங்கள் பிடிக்கும்.

ஒரே ஒரு கடைவாய்ப்பல் போனவருக்குக் கணக்கு வேறு. பக்கத்துப் பற்களைத் தாங்கலாக்கி நடுவில் பல் வைக்கும் பிரிட்ஜ் கட்ட, இருபக்கப் பற்களையும் ராவ வேண்டும். அவை ஏற்கெனவே சொத்தையாகி கேப் போட வேண்டிய நிலை என்றால் பிரிட்ஜ் சரி. நல்ல பற்கள் என்றால் இம்ப்ளான்ட் பக்கம்தான் நான் சாய்வேன்.

எதுவானாலும் சர்க்கரை அளவு, புகைப்பழக்கம், எலும்புத் தேய்மானத்துக்கு எடுக்கும் மாத்திரை, ஊசி இவற்றை டாக்டரிடம் மறைக்காதீர்கள். புகையும் கட்டுக்குள் வராத சர்க்கரையும் இம்ப்ளான்ட்டைத் தோற்கடிக்கக்கூடியவை. செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். வெந்நீர் ஊற்றினால் வளைந்துவிடும்.

உங்கள் வீட்டில் யாராவது “எனக்கு ரசஞ்சோறு போதும்” என்று ஒதுங்கினால், செட் ஆடுகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டு, பல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.