கேம்பர் டிரெய்லருக்குப் பெரிய சக்கரம்: அந்தமான் சாலையில் கைகொடுக்குமா?

ஸ்ரீ விஜயபுரம்: காரின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லப்படும், படுக்கையும் சமையல் வசதியும் கொண்ட கேம்பர் டிரெய்லர்கள் அந்தமானில் இன்னும் அரிய காட்சியே. சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடலைக் கப்பலில் கடந்தே அத்தகைய வண்டி இங்கு வந்து சேர வேண்டும். அவ்வாறு கொண்டுவர எண்ணுவோர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவற்றுள் முதன்மையானது சக்கரத்தின் அளவு.

முன்பு போர்ட் பிளேர் என அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தையும் வடக்கே டிக்லிப்பூரையும் இணைக்கும் அந்தமான் ட்ரங்க் சாலை, தேசிய நெடுஞ்சாலை 4-இன் பகுதியாகும். சுமார் 330 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலை, ஜிர்கதாங் சோதனைச் சாவடிக்கும் மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறைக்கும் இடையே ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தினூடே செல்கிறது. குறிப்பிட்ட நேரங்களில், காவல்துறைப் பாதுகாப்புடன், வாகனங்கள் வரிசையாகவே அனுமதிக்கப்படுகின்றன. வழியில் நிறுத்துவதோ, இறங்குவதோ, படம் எடுப்பதோ கூடாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இதற்கு அடிப்படை. இத்தகைய பாதையில் டயர் வெடித்தால் அது ஓட்டுநர் ஒருவரின் தொல்லையாக மட்டும் நின்றுவிடாது. வரிசை முழுவதும் தடைபடும். வெளியாரின் தொடர்பிலிருந்து காக்கப்பட வேண்டிய மக்களின் நிலத்தில் அந்நியர்கள் இறங்கி நிற்கும் நிலை உருவாகும்.

எனவே இங்கு சக்கர அளவை மாற்றுவதற்கான வலுவான காரணம், வண்டி உயரமாகத் தோன்ற வேண்டும் என்பதன்று. இழுக்கும் வாகனத்திலும் டிரெய்லரிலும் ஒரே அளவுச் சக்கரம் இருந்தால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் பொருந்தும் என்பதே அது. 2020-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகளின்படி, டயர் அழுத்தக் கண்காணிப்புக் கருவியும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் கொண்ட சிறிய வாகனங்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஆனால் டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்டும் பசை பயன்படாது. அந்தமானுக்கு ஸ்டெப்னி இன்றி வருவது துணிச்சல் அல்ல, கவனக்குறைவே.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். டிரெய்லரில் 175/70 ஆர்13 டயர் உள்ளதாகக் கொள்வோம். டயரின் அகலம் 175 மில்லிமீட்டர். அதில் 70 சதவீதமான 122.5 மில்லிமீட்டர் பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழுமாக இரு பக்கச்சுவர்களையும் 13 அங்குல ரிம்மையும் கூட்டினால் மொத்த விட்டம் ஏறத்தாழ 575 மில்லிமீட்டர். இழுப்பது பொலேரோ போன்ற வாகனம் எனில் அதில் 215/75 ஆர்15 டயர் இருக்கும். அதன் விட்டம் ஏறத்தாழ 703 மில்லிமீட்டர். வேறுபாடு 128 மில்லிமீட்டர். மாற்றியவுடன் டிரெய்லரின் அச்சு 64 மில்லிமீட்டர் உயர்கிறது.

இந்த உயர்வால் நன்மை உண்டு. மிடில் ஸ்ட்ரெயிட்டில் வாகனங்கள் படகில் ஏறியே பாராட்டாங் தீவுக்குச் செல்ல வேண்டும். கடல் மட்டம் ஏறி இறங்குவதற்கேற்ப ஏறுதளத்தின் சரிவும் மாறுகிறது. சரிவு கூடும்போது, அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் டிரெய்லரின் வால்பகுதி தரையில் உரசும். அங்கே 64 மில்லிமீட்டர் பெரிய உதவி.

ஆனால் அதே 64 மில்லிமீட்டர் வேறிடங்களில் விலை கேட்கும். இணைப்புப் பந்து பழைய உயரத்திலேயே இருந்தால் டிரெய்லர் மூக்கைக் கவிழ்த்தபடி ஓடும். பந்தின் உயரத்தையும் மாற்ற வேண்டும். வண்டியின் ஈர்ப்பு மையம் உயர்வதால் வளைவுகளில் சாயும் இயல்பு கூடும். எளிதில் கவனிக்கப்படாதது பிரேக். சக்கரம் பெரிதானால், அதே டிரம் தரும் நிறுத்துவிசை தரையில் குறைகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஏறத்தாழ 18 சதவீதம். ஈரமான மலைப்பாங்கான சாலையில் இது சிறிய இழப்பன்று. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவுகள் இவை.

சக்கர வளைவுக்குள் இடம் உள்ளதா என்பதை வண்டி வெறுமையாக நிற்கும்போது பார்ப்பது போதாது. முழுச் சுமையுடன் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் அளக்க வேண்டும். டயர் 40 மில்லிமீட்டர் அகலம் கூடுவதால் உட்புறமும் உரசக்கூடும்.

டயரில் அச்சிடப்பட்ட சுமைக் குறியீட்டையும் படிக்க வேண்டும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோகிராம் தாங்கும். 100 என்றால் 800 கிலோகிராம். பெரிய டயர் பொருத்திவிட்டதால் கூடுதல் சாமான் ஏற்றலாம் என்று கருதுவது தவறு. அச்சும் பேரிங்கும் பழையவையே. அவற்றின் வரம்பே வண்டியின் வரம்பு.

இரு வாகனங்களின் ரிம் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் ஒத்திராவிட்டால், ஹப்பையும் டிரம்மையும் சேர்த்தே மாற்ற நேரிடும். இடைத்தட்டு வைத்துப் பொருத்துவது மலிவான வழி. ஆயினும் அது பேரிங்கின் மீது கூடுதல் பளுவை ஏற்றும். அந்நிலையில் சக்கரத்தை மாற்றாமல், டிரெய்லருக்கெனத் தனியாக இரண்டாவது ஸ்டெப்னி எடுத்துச் செல்வதே விவேகம். செலவும் குறைவு.

சட்டத்தின் பக்கமும் உண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைப் பிரிவு 52 தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே உற்பத்தியாளர் அனுமதிக்கும் டயர் அளவுகள் எவை என்பதை எழுத்துமூலம் பெற்று, பதிவு செய்த போக்குவரத்து அலுவலகத்திலும் கேட்டுக்கொண்ட பின்னரே பணியைத் தொடங்க வேண்டும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பதும் அந்த எழுத்தையே.

மாற்றத்தைக் கப்பலேறும் முன்னரே முடித்து, சுமையுடன் 100 கிலோமீட்டர் ஓட்டி, நட்டுகளை மீண்டும் முறுக்கிப் பார்ப்பது நன்று. புதிய ரிம் தன் இருக்கையில் படியும்போது நட்டுகள் தளர்வது இயல்பு. தீவுக்கு வந்த பின்னர் உப்புக் காற்றும் படகுத்துறை நீரும் ஹப்பின் ரப்பர் வளையத்தைத் தாண்டினால் பேரிங் விரைவில் துருப்பிடிக்கும். ஜிர்கதாங்கில் வரிசைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் நான்கு நிமிடம் ஒதுக்கி ஹப்பைத் தொட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கம் மட்டும் சூடேறியிருந்தால் காப்பகத்துக்குள் நுழையாமல் அங்கேயே திரும்பிவிட வேண்டும்.